கூரைக்கவை: வேல்ஸ் மலைப்பண்ணை வீடுகளுக்குரிய ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

வேல்ஸ் நாட்டு மலைப்பண்ணை வீடுகளில் தரையிலிருந்து எழுந்து கூரையைத் தாங்கும் இரட்டை வளைமரத்தை ஆங்கிலத்தில் ‘கிரக்’ என்பர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்தக் கலந்துரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘வளைவுச் சட்டகம்’, ‘வில்மரம்’ ஆகிய இரண்டும் மரத்தின் வடிவத்தைச் சொல்கின்றனவே தவிர, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை. மேலும், ‘வளைவு’ என்றதும் கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பும் வாசல் வளைவே படிப்பவர் மனத்தில் தோன்றும்.

ரையடர் ஊருக்கு அருகே கிளைர்வென் பள்ளத்தாக்கில் இருந்த கிலெவென்ட் பண்ணைவீட்டை எண்ணிப் பாருங்கள். 1470 அளவில் மரத்தால் கட்டப்பட்ட அவ்வீடு, இன்று செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இயல்பாக வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்தால் ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகள் கிடைக்கும். அவற்றை எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் சேர்த்து, இடையே குறுக்குமரம் பூட்டினால் ஓர் இணை ஆகும். இத்தகைய இணைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் வளைகளை, அதாவது கூரையின் நெடுக்கு மரங்களை, ஏற்றும்போது, கூரையின் பாரம் முழுவதும் அம்மரங்களின் வழியே தரைக்கு இறங்குகிறது. சுவர் காற்றையும் மழையையும் தடுக்கும் மறைப்பு மட்டுமே. அதனால்தான் இவ்வகை வீடுகளில் மரச்சுவரை நீக்கிக் கல்சுவர் எழுப்பிய பின்னும் பழைய கூரைமரங்கள் நிலைத்திருக்க முடிந்தது. கிலெவென்டுக்குக் கல்சுவர் வந்தது 1734இல்.

வேல்ஸ் மொழியில் இதற்கு ‘நென்ஃபோர்க்’ என்று பெயர். ‘நென்’ என்பது கூரை. ‘ஃபோர்க்’ என்பது கவை, அதாவது இரண்டாகப் பிரியும் கிளை. அந்த மலைமக்கள் மரத்தைப் பார்த்து இட்ட பெயர், நம் ‘கவை’ என்னும் சொல்லோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

நம் ஊர்ப் பந்தலின் கவைக்கால் மேல்நோக்கி அல்லவா விரியும் என்று கேட்கலாம். கால்கள் கீழ்நோக்கிப் பிரியும் இடத்தையும் நாம் ‘கவட்டை’ என்றே சொல்வதால், விரியும் திசை ஒரு தடையாகாது. ‘கவடு’ என்பதையும் எண்ணினேன். அதற்கு வஞ்சகம் என்ற பொருளும் உண்டு என்பதால் விட்டுவிட்டேன்.

முதலில் ‘முகட்டுக்கவை’ என்றே எழுத நினைத்தேன். ஆனால், முகட்டை எட்டாமல் குறுக்கு உத்திரத்தோடு நின்றுவிடும் வகையும் உண்டு. அதை முகட்டுக்கவை என்பது பிழையாகும். ஆகவே ‘கூரைக்கவை’ என்பதையே பரிந்துரைக்கிறேன். தரையிலிருந்து முகடு வரை செல்வது முழுக்கவை, உத்திரத்தோடு நிற்பது அடிக்கவை, சுவரின் இடையில் ஊன்றி எழுவது இடைக்கவை, இணையின் ஒவ்வொரு மரமும் கவைத்தாள் என வகைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன.

இதே வீட்டின் மற்றொரு சொல்லையும் தீர்க்க வேண்டும். வீட்டின் மேல்கோடியில் மனிதரும் கீழ்க்கோடியில் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே வாசலைப் பயன்படுத்திய இவ்வீட்டு வகையை வேல்ஸ் மக்கள் ‘டீ ஹீர்’, அதாவது நீண்ட வீடு, என்பர். ஆனால் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் போர்னியோ தீவின் வீட்டையும் ‘நீள்வீடு’ என்றே குறிக்க நேர்வதால், இதனை ‘தொழுமனை’ என்று பிரித்துச் சொல்லலாமா? மாட்டுத்தொழு மனையோடு சேர்ந்திருப்பதை அச்சொல் காட்டுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.