குதிரைமேல் இருந்தாரா, இல்லையா? காட்டன் மேத்தர் குறித்த விவாதம்

கூடல்வாணன்:
பாஸ்டன் போதகர் காட்டன் மேத்தரைப் "பாஸ்டனைப் பெரியம்மையிலிருந்து காத்த அறிவியல் முன்னோடி" என்று புகழ்ந்து நண்பர் ஏட்டுச்சுவடி நேற்று எழுதியதை முழுவதும் படித்தேன். அதன் நடுவே, அமெரிக்காவின் சேலம் ஊர்த் தூக்குமேடையருகே மேத்தர் குதிரையில் அமர்ந்தபடி மக்களிடம் பேசினார் என்பது பகைவர் கட்டிய கதை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார். அந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

1692 ஆகஸ்ட் 19 அன்று மாசசூசெட்ஸ் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஜார்ஜ் பரோஸ் முன்பு அதே சேலம் கிராமத்தில் போதகராக இருந்தவர். கழுத்தில் கயிறு விழுவதற்கு முன் அவர் பரமண்டல ஜெபத்தை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். சாத்தானுக்கு அடிமைப்பட்டவர்களால் அந்த ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே கூட்டம் கலங்கியது, சிலர் கண்ணீர் விட்டனர். அப்போது குதிரைமேல் இருந்த மேத்தர், இவர் முறையாகக் குருப்பட்டம் பெற்றவரே அல்லர் என்றும், சாத்தான் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வான் என்றும் கூறிக் கூட்டத்தை அடக்கினார். தூக்கிலிடுவது தொடர்ந்தது. இது கதையன்று, எழுதி அச்சிடப்பட்ட சாட்சியம்.

ஏட்டுச்சுவடி:
எழுதியவர் யார் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? ராபர்ட் கேலஃப் என்ற பாஸ்டன் துணி வணிகர். 1693இல் மார்கரெட் ரூல் என்ற பெண்ணைப் பேய் பிடித்ததாகச் சொல்லி மேத்தர் அவருக்காக ஜெபித்தபோது, அதைக் கேலஃப் கொச்சைப்படுத்தி எழுதிச் சுற்றுக்கு விட்டார். அன்றிலிருந்தே இருவருக்கும் தீராப் பகை. அந்தப் பகையோடு எழுதிய நூல் 1700இல், நிகழ்ச்சிக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, லண்டனில் அச்சாயிற்று. குதிரைக்கு வேறு சாட்சி இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் குதிரை இல்லை.

கூடல்வாணன்:
பகைவர் என்ற முத்திரையைக் குத்திவிட்டால் சாட்சி செத்துவிடும் என்று எண்ணுகிறீர்கள். சாமுவேல் சீவல் மேத்தருக்குப் பகைவரா? அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர், மேத்தர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகியவர். தம் நாட்குறிப்பில் அதே நாளுக்குரிய பதிவில், மேத்தர் அங்கே இருந்ததையும், அனைவரும் நீதியான தீர்ப்பினாலேயே இறந்தனர் என்று அவர் சொன்னதையும், பரோஸின் பேச்சும் ஜெபமும் சிந்தனையற்ற மக்களை மிகவும் அசைத்ததையும் குறித்திருக்கிறார். கேலஃப் எழுதியதன் சாரம் முழுவதும் இதில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
குதிரை இருக்கிறதா?

கூடல்வாணன்:
நீதியான தீர்ப்பு என்று அவர் சொன்னது இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
நான் கேட்டது குதிரையை. சீவலின் பதிவில் குதிரையும் இல்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார் என்பதும் இல்லை. அருகில் நின்ற ஒருவரிடம் சொன்னதாகக்கூட இருக்கலாம். சென்ற ஆண்டு லூத்தர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் இரண்டு ஆவணங்களை ஒட்டி மூன்றாவது ஒன்றை உண்டாக்கினீர்கள். அப்போதும் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை.

செவிலி:
நீங்கள் இருவரும் குதிரையைச் சுற்றியே வருகிறீர்கள். எனக்கு உறுத்தியது "பாஸ்டனைக் காத்த முன்னோடி" என்ற பட்டம். 1706இல் மேத்தரின் சபையார் ஆப்பிரிக்க அடிமை ஒருவரை விலைக்கு வாங்கி அவருக்குப் பரிசாக அளித்தனர். மேத்தர் அவருக்கு ஒனேசிமஸ் என்று பெயரிட்டார். உனக்கு அம்மை கண்டதுண்டா என்று கேட்டபோது, தம் நாட்டில் அம்மைப் பாலை எடுத்துத் தோலைக் கீறி வைப்பார்கள் என்றும், அதன்பின் அந்நோய் தம்மை அணுகாது என்றும் சொல்லித் தம் கையிலிருந்த தழும்பைக் காட்டியவர் ஒனேசிமஸ். அம்மை குத்தும் அறிவு அவருடையது. கத்தியை எடுத்துத் தம் சொந்த மகனுக்கே முதலில் குத்தியவர் மருத்துவர் பாய்ல்ஸ்டன். இவர்கள் இருவருக்கும் நடுவில் கடிதம் எழுதியவர் மேத்தர். முன்னோடி என்ற சொல் யாருக்கு உரியது?

ஏட்டுச்சுவடி:
ஒனேசிமஸ் சொன்னதை மேத்தர் மறைக்கவில்லை, அம்மையாரே. 1716இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்திலேயே அதை ஒனேசிமஸ் கூறியதாகவே எழுதினார். ஓர் அடிமையின் வாய்ச்சொல்லை மருத்துவச் சான்றாக ஏற்பது அன்று நகைப்புக்குரிய செயல். டக்ளஸ் என்ற மருத்துவர் அதைச் சொல்லியே இகழ்ந்தார். 1721இல் பாஸ்டனில் ஏறத்தாழ 5,900 பேருக்கு அம்மை கண்டு 844 பேர் இறந்தனர். பாய்ல்ஸ்டன் குத்திய சுமார் 240 பேரில் இறந்தவர் 6 பேர். இதற்காக நவம்பரில் மேத்தர் வீட்டுச் சன்னலுக்குள் வெடிகுண்டை எறிந்தார்கள். நல்வாய்ப்பாக அது வெடிக்கவில்லை. அதில் கட்டியிருந்த வசைச்சீட்டு மட்டும் கிடைத்தது. அந்த மனிதரைத்தான் இல்லாத ஒரு குதிரையை வைத்து அளக்கிறீர்கள்.

கூடல்வாணன்:
1721இல் செய்த நன்மை 1692இல் செய்ததை அழிக்குமா? குதிரை இல்லாததாகவே இருக்கட்டும், தரையில் நின்றே பேசியிருக்கட்டும். அதனால் பரோஸ் உயிர் பிழைத்தாரா? ஆனால் நான் குதிரையை விடப்போவதில்லை, ஏனெனில் நீங்கள் அதை மறுப்பது குதிரைக்காக அன்று. மேத்தர் கூட்டத்துக்கு மேலே உயர்ந்து நின்று, அதிகாரத்தின் குரலாய் அன்று பேசினார் என்பதை மறுப்பதற்காக.

சாத்தான் நல்லவரின் வேஷத்தில் வர முடியும் என்பது மேத்தரே நீதிபதிகளுக்கு அறிவுறுத்திய செய்தி. குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுரு வந்து தம்மை வதைத்ததாகப் பிள்ளைகள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், குற்றமற்றவரின் உருவத்தைக்கூடச் சாத்தான் எடுக்கக் கூடும் என்று 1692 மே 31 அன்று நீதிபதி ரிச்சர்ட்ஸுக்கு எழுதினார். ஜூன் 15இல் போதகர்களின் சார்பில் அவர் வரைந்த அறிக்கையும் அதையே சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் குற்றவாளிகள்மேல் விரைந்தும் முனைப்போடும் வழக்கு நடத்தும்படி பரிந்துரைக்கிறது. சாத்தானின் வேஷம் என்ற ஒரே கருத்து மே மாதத்தில் எச்சரிக்கையாக இருந்தது, ஆகஸ்டில் பரோஸுக்கு எதிரான குற்றச்சாட்டாகிவிட்டது.

பொறையாறு நேசன்:
மேத்தரை வெறும் கொலைத்துணையாகக் காட்டுவது தமிழரான நமக்கு அழகன்று. தரங்கம்பாடி மிஷனில் சீகன்பால்கு தமிழில் செய்துவந்த பணியைக் கேள்விப்பட்டு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் போதகர் பிராங்கேயோடும் கடிதத் தொடர்பு வைத்து, நம் கடற்கரைக்கு எழுதியவர் அவர். 1719இல் சீகன்பால்கு இறந்துவிட, மறுமொழி எழுதியவர் அவருடைய உடன் ஊழியர் க்ருண்ட்லர். அந்தக் கடிதங்கள் "இந்தியா கிறிஸ்தியானா" என்ற நூலில் 1721இல் பாஸ்டனில் அச்சாயின. அம்மை ஊரைச் சூறையாடிய அதே ஆண்டில் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பற்றி நூல் வெளியிட்ட மனிதர் அவர்.

கூடல்வாணன்:
அவர் தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதியதற்கும் சேலத்தில் தூக்குமேடையருகே பேசியதற்கும் என்ன தொடர்பு? நம்மை நினைத்தார் என்பதற்காக நாம் சாட்சியத்தை மறக்க வேண்டுமா?

பொறையாறு நேசன்:
தொடர்பு உண்டு. எதிரிகள் வரைந்த படத்தைவிட அவர் பெரிய மனிதர் என்பதே தொடர்பு. உங்களுக்குத் தரங்கம்பாடி என்றாலே கசப்பு என்பது சீகன்பால்கு அச்சகம் பற்றிய பழைய விவாதத்திலேயே தெரிந்தது.

கூடல்வாணன்:
அச்சகத்தைப் பற்றி நான் இங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. பேசுவது தூக்குமேடையை. தந்தையும் மகனும் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். சூனியக்காரர் என்று ஐயுறப்பட்ட பத்துப் பேர் தப்பினாலும் குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது என்று தந்தை இன்க்ரீஸ் மேத்தர் அதே இலையுதிர் காலத்தில் எழுதினார். அந்த நூலின் முன்னுரையில் 14 போதகர்கள் கையொப்பமிட்டனர், மகன் இடவில்லை. மாறாக நீதிமன்றத்தை நியாயப்படுத்தித் தனி நூல் எழுதினார். அதில் பரோஸின் பெயரைக்கூட முழுதாக எழுத மனமில்லாமல் முதலெழுத்துகளை மட்டும் இட்டார்.

ஏட்டுச்சுவடி:
நூல்களை அடுக்குகிறீர்கள், குதிரைக்கு ஆதாரம் இன்னும் வரவில்லை. தாமஸ் பிராட்டில் அதே அக்டோபரில் எழுதிய கடிதத்தையும் படியுங்கள்: சாகப்போகிறவர்கள் தங்களோடு ஜெபிக்கும்படி மேத்தரிடம் உருக்கமாக வேண்டிக்கொண்டதாக அதில் இருக்கிறது. பிராட்டில் அந்த நீதிமன்றத்தைக் கண்டித்தவர். அவரே குதிரையைச் சொல்லவில்லை, பேச்சையும் சொல்லவில்லை. தங்களைக் கொல்லத் தூண்டுகிறவரிடமா ஜெபம் கேட்பார்கள்?

செவிலி:
போதகர் என்று வேறு யார் அங்கே கனிவோடு நின்றார்கள்? சாகப்போகிறவர் கேட்டது ஜெபம். அப்படிக் கேட்டவர்கள்மேல் விழுந்த மரணத் தீர்ப்பையே மேத்தர் நீதியானது என்றார்.

கூடல்வாணன்:
சீவல் 1697 ஜனவரி 14 அன்று சபை நடுவே எழுந்து நிற்க, அவருடைய குற்ற அறிக்கையைப் போதகர் உரக்கப் படித்தார். மேத்தர் பொதுவில் அப்படி ஒன்றும் செய்யவில்லை. நீதிபதிகளைத் தடுக்கப் போதிய முனைப்புக் காட்டவில்லையே, அதனால் தேவனுடைய கோபம் தம் குடும்பத்தின்மேல் வருமோ என்று தனிப்பட்ட நாட்குறிப்பில் அஞ்சினார். அது மனம் வருந்தியதன்று, தண்டனைக்கு அஞ்சியது.

ஏட்டுச்சுவடி:
15 பிள்ளைகளைப் பெற்று இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் தமக்கு முன்பே இழந்தவர் அவர். 1713இல் தட்டம்மையில் மனைவியையும் குழந்தைகளையும் சில நாட்களுக்குள் அடக்கம் செய்தவர். அந்த அச்சத்தை இகழ உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கூடல்வாணன்:
இகழவில்லை. பரோஸுக்கும் பிள்ளைகள் இருந்தனர் என்பதை நினைவூட்டுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு மேத்தர் ஒரு வரியாவது எழுதியதாக உங்களிடம் சான்று இருந்தால் இங்கே இடுங்கள்.