மசாலா ட்ரஃபிள் செய்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

இலவங்கம்:
பண்டிகைக்குக் கொடுக்கலாம் என்று பட்டை, ஏலக்காய் போட்ட ட்ரஃபிள், அதாவது சாக்லேட் உருண்டை. சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்துக் கனாஷ் கிண்டுவது, உருட்டுவது எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பில் போட்டிருந்தபடியே ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு உருக்கிய டார்க் சாக்லேட்டில் முக்கி, பேப்பரில் வரிசையாக வைத்தாயிற்று. பளபளவென்று இருந்தது. படம் எடுக்கப் போனைத் தேடினால் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் முதல் உருண்டையின் உச்சியில் மயிரிழை போல ஒரு விரிசல். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்ததிலும் 'டிக்'. கொஞ்ச நேரத்தில் விரிசல் வழியாகக் கனாஷ் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியே வந்தது. நான் கையே வைக்கவில்லை! அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஏலம்_தட்டியது:
கேட்டிருக்கிறேன். குளிரில் சுருங்கிக் கிடந்த உருண்டை அறைச் சூட்டுக்கு வர வர விரியும். மேலே இருக்கிற ஓடு இறுகும்போது சுருங்கும். நடுவில் மாட்டிக்கொண்டு உடைவது ஓடுதான். அந்தக் குறிப்பை எழுதியவர் தான் எழுதியதைச் செய்து பார்த்தாரா என்றே சந்தேகம். முக்குவதற்கு முன்னால் உருண்டையை வெளியே எடுத்து வைத்து, 18 முதல் 20 டிகிரி வரை வரவிட்டால் போதும்.

என்னுடையது கிராம்புக் கதை. மசாலாவை க்ரீமிலேயே ராத்திரி முழுக்க ஊறவிடச் சொல்லியிருந்தது நான் பார்த்த குறிப்பு. பட்டைக்கும் ஏலக்காய்க்கும் அது சரிப்படலாம். கிராம்பு அப்படியா? மாமனார் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். "நாக்கு அங்கயே இருக்கா பாரும்மா" என்றார். கிராம்பில் இருக்கிற யூஜெனால் மரக்கச் செய்யும், அதனால்தானே பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அதற்கப்புறம் அந்தத் தட்டுப் பக்கமே அவர் வரவில்லை.

கரண்டிக்காரன்:
ஃப்ரிட்ஜ் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். ஒரே முக்காக முக்கினால் ஓடு ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும்தான் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் சாக்லேட்டைத் தடவிக்கொண்டு உருண்டையை அதில் உருட்டி, மெலிசாக ஒரு பூச்சு காய்ந்த பிறகு முக்க வேண்டும். ஓட்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால்கூடக் கனாஷ் அதன் வழியாகக் கசியும்.

எனக்கு நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கொடுக்க வேண்டிய நாள் காலையில் டப்பாவைத் திறந்தால் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்திருந்தது.

அதனால் டெம்பரிங், அதாவது சாக்லேட்டை உருக்கிச் சூட்டை இறக்கி ஏற்றிப் பதப்படுத்துவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாக்லேட்டில் இருக்கிற கொழுப்பான கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும், கடித்தால் 'படக்'கென்று உடைகிற தன்மையும் கொடுக்கும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்குங்கள். அப்புறம் 27, 28க்கு இறக்குங்கள். திரும்ப 31, 32க்கு ஏற்றுங்கள். மில்க் சாக்லேட்டுக்கு இதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், மூன்றில் ஒரு பங்கை உருக்காமல் பொடியாக நறுக்கி வைத்துக்கொண்டு, உருக்கியதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி இறக்குங்கள். கத்தி முனையில் தொட்டு வைத்தால் சில நிமிடத்தில் பளபளப்போடு காய வேண்டும். காயவில்லை என்றால் அதில் உருண்டையை முக்காதீர்கள். அப்புறம் அந்தச் சாம்பலைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று கரைந்தால் அது கொழுப்பு, டெம்பரிங் கோளாறு. சொரசொரவென்று இருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை மேலே வந்திருக்கிறது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்ததன் பலன்.

இலவங்கம்:
டெம்பரிங் பற்றி நான் கேட்கவே இல்லையே. பளபளவென்று இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கரண்டிக்காரன்:
படிக்கிற மற்றவர்களுக்கும் உதவுமே என்று எழுதினேன்.

நள்ளிரவு_அடுப்பு:
எனக்கு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். சாக்லேட் உருகி ரிப்பனாக விழுகிற பதம். பக்கத்து அடுப்பில் இருந்த சட்டியின் மூடியை யாரோ தூக்கினார்கள், மூடியின் உள்பக்கத்து ஆவி சொட்டாகி நேரே என் கிண்ணத்துக்குள். இரண்டு கிளறு கிளறுவதற்குள் மொத்தமும் ஈர மண்ணாகிவிட்டது. ஸ்பேட்டுலா அப்படியே செங்குத்தாக நிற்கிறது! மூடியைத் தூக்கியவர் "என்னாச்சு?" என்று வேறு கேட்டார்.

அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு சொட்டில்தான் சர்க்கரையும் கோகோ துகளும் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடான க்ரீமை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறினால் இளகி வந்துவிடும். மேல்பூச்சுக்கு ஆகாது, கனாஷுக்கு ஆகும். நான் அதில் சுக்குப் பொடி சேர்த்து அடுத்த ஈடு உருட்டிவிட்டேன்.

ஏலம்_தட்டியது:
இது சரி. இன்னொன்று, மசாலா ஊறவைத்து வடிகட்டியதும் க்ரீமைத் திரும்ப எடை போட்டுப் பாருங்கள். பட்டையும் ஏலக்காயும் கொஞ்சம் குடித்திருக்கும். குறைந்த அளவுக்குப் புது க்ரீம் விட்டுச் சரி செய்யாமல் ஊற்றினால், 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 கிராம் க்ரீம் என்ற கணக்கே கெட்டுவிடும். கனாஷ் எண்ணெய் பிரிவது பல நேரம் இதனால்தான். இப்போதெல்லாம் மூடி போட்டு 20 நிமிடம், அவ்வளவுதான். கிராம்பை மட்டும் பாதியிலேயே எடுத்துவிடுகிறேன்.

கரண்டிக்காரன்:
20 நிமிடத்தில் பட்டை என்ன இறங்கும்? அரை மணியாவது வேண்டும்.

மிளகாய்_வற்றல்:
நீங்கள் நிமிடக் கணக்குப் பார்த்துக்கொண்டிருங்கள், நான் என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். மிளகாய் ட்ரஃபிள். கொழுப்பில் கரைந்திருக்கிற காரம் நாக்கில் உடனே தெரியாது. முதலில் சாக்லேட், அப்புறம் பட்டை, எல்லாம் முழுங்கின பிறகுதான் தொண்டையில் ஏறும். அத்தை ஒன்றைச் சாப்பிட்டார். "மிளகாய் போட்டேங்கிற, ஒண்ணும் உறைக்கலையே" என்றபடியே இரண்டாவதைக் கடித்தார். பாதி வாயில், பாதி கையில். முகம் சிவந்துகொண்டே வருகிறது, ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நள்ளிரவு_அடுப்பு:
தண்ணீர் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தண்ணீரில் அது கரையாது, பால்தான் கேட்கும்.

மிளகாய்_வற்றல்:
பால்தான் எடுக்கப் போனேன். வருவதற்குள் மூன்றாவதைக் கையில் வைத்திருந்தார்.