30 படுக்கை மருத்துவமனை: கேஸ் ஷீட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற எதை முதலில் தொடுவது?

முப்பதுபெட்:
30 படுக்கை, தினம் 150 ஓபி, சொந்த லேப், சொந்த மருந்தகம். பில் மட்டும் கம்ப்யூட்டரில் போகிறது, மற்றதெல்லாம் ஓபி சீட்டும் கேஸ் ஷீட்டும்தான். டாக்டர்கள் நாலு பேர். பெரிய டாக்டர் கீபோர்டைத் தொடவே மாட்டார். சாஃப்ட்வேர் விற்க வந்தவர் எல்லா மாட்யூலையும் (பில், லேப், மருந்தகம் போன்ற பிரிவுகள்) ஒரே நாளில் ஓட விடலாம் என்கிறார். நம்பலாமா? எந்த வரிசையில் போவது? லேப் மெஷினை நேரடியாக இணைத்தே ஆக வேண்டுமா?

ஓபிகவுண்டர்:
ஒரே நாளில் என்றால் மறுநாளே எல்லோரும் பேப்பருக்குத் திரும்பிவிடுவார்கள். ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங் முதலில். அடுத்து லேப், பிறகு மருந்தகம், வார்டு. டாக்டர் அறை கடைசி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாலு வாரமாவது விடுங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன்தானே என்று அலட்சியமாக விட்டால் பிற்பாடு கழுத்தைப் பிடிப்பது அதுதான். சாஃப்ட்வேர் ‘லாஸ்ட் நேம்’ கேட்கும். ஒருவர் அங்கே இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை, கூட்ட நேரத்தில் மூன்றாமவர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். லட்சுமியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கடைசியில் ஒரே அம்மாவுக்கு மூன்று நோயாளி எண். சர்க்கரை ரிப்போர்ட் ஒன்றில், பென்சிலின் அலர்ஜி இன்னொன்றில்.

அதனால் புது எண் போடும் முன் செல் நம்பரைத் தட்டித் தேடுவது கட்டாயம். ஆனால் ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று பூட்டு போடாதீர்கள், ஒரு செல்லில் குடும்பமே இருக்கும். பெயரோடு அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், வயது நாலும் ஒத்துப்போனால்தான் அதே ஆள். பிறந்த தேதி தெரியாதவருக்கு ‘வயது மட்டும்’ என்ற வழி இருக்கட்டும்; இல்லையென்றால் ஊரில் பாதிப்பேர் ஜனவரி 1 அன்று பிறந்திருப்பார்கள். டெமோ காட்டும்போதே இரண்டு எண்ணை ஒன்றாக்கிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பிரித்தும் காட்டச் சொல்லுங்கள். பலர் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார்கள்.

சிவப்புமூடி:
லேப் இணைப்பு அவசியம். செல் கவுண்டர் (ரத்த அணுக்களை எண்ணும் மெஷின்), பயோகெமிஸ்ட்ரி (சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றை அளக்கும் மெஷின்) இரண்டையும் முதலில் இணையுங்கள். மாதம் நாலு டெஸ்ட் ஓடும் மெஷினுக்கு இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஏற்பாடு) செலவு தண்டம்.

முதலில் கேட்க வேண்டியது இணைப்பு ஒருவழியா (மெஷினிலிருந்து ரிசல்ட் மட்டும் வரும்), இருவழியா என்பது. ஒருவழி என்றால் பெரும்பாலும் டெக்னீஷியன் சாம்பிள் எண்ணை மெஷினில் தட்டணும்; ஒரு இலக்கம் பிசகினால் ரிசல்ட் அடுத்தவர் ரிப்போர்ட்டில் போய் உட்காரும். இருவழியில் மெஷின் பார்கோடைப் படித்து, என்ன டெஸ்ட் என்பதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். லேபிள் 50 x 25 மிமீ போதும். குழாயின் நீளவாக்கில் நேராக ஒட்டணும், நிறுத்திப் பார்த்தால் கோடுகள் ஏணிப்படி மாதிரி தெரியணும். சுற்றி ஒட்டினால் ரீடர் படிக்காது.

பழைய மெஷினில் பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்ற பழைய வகை சீரியல் போர்ட்தான் இருக்கும். பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் என்ற தகவல் அனுப்பும் செட்டிங் மெஷினிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாக இருக்கணும். யூஎஸ்பி கன்வர்ட்டரை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் கம்ப்யூட்டர் அதற்குத் தரும் காம் போர்ட் எண் மாறிவிடக்கூடும். எரர் எதுவும் வராது, ரிசல்ட் மட்டும் வராது. எண்ணை டிவைஸ் மேனேஜரில் நிலையாகக் கட்டிவிட்டு, கன்வர்ட்டர் மேல் ‘கழற்றாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம் அலகு. செல் கவுண்டர் பிளேட்லெட்டைப் பெரும்பாலும் ஆயிரக் கணக்கில் அனுப்பும்: 42 என்றால் 42,000. ரிப்போர்ட்டில் கன மிமீக்கு எத்தனை செல் என்று இருந்தால் 1000-ஆல் பெருக்கச் செட் பண்ணணும். மறந்தால் 42 செல் என்று அச்சாகும், அது அபத்தம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது ‘பிளேட்லெட் கட்டியாகியிருக்கிறது’ என்ற எச்சரிக்கைக் குறி இன்டர்ஃபேஸில் விழுந்துபோவதுதான். கட்டியானால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும்; அந்த எண் மட்டும் சுத்தமாக வந்து நிற்கும், டெங்கு சீசனில் அதை வைத்தே ஆளை அட்மிட் பண்ணிவிடுவார்கள். குறி வந்த ரிசல்ட் தானாக வெளியே போகாமல் நிற்கணும். ஸ்மியரை (கண்ணாடியில் தடவிய ரத்தம்) மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே கையெழுத்து. ஓட்டத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் குறைவு, சரி, அதிகம் என்று சில சாம்பிள் ஓட்டி, மெஷின் பிரிண்ட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

டிரக்மாஸ்டர்:
வரிசையில் ஒரு திருத்தம். டாக்டர் அறை கடைசி என்பது சரி, ஆனால் மருந்துப் பட்டியலை முதல் வாரமே தொடங்கணும். கம்பெனி தரும் ஆயிரக்கணக்கான பிராண்டுப் பட்டியல் வேண்டாம். உங்கள் ஆறு மாதப் பர்ச்சேஸ் பில்லிலிருந்து எடுங்கள், சில நூறில் அடங்கிவிடும்.

குழந்தைகள் மருந்தில் உஷார். பாராசிட்டமால் 5 மிலியில் 125 மிகி சிரப், 5 மிலியில் 250 மிகி சிரப், 1 மிலியில் 100 மிகி டிராப்ஸ் என்று மூன்று உண்டு. 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மிகி வீதம் 150 மிகி. அது முறையே 6 மிலி, 3 மிலி, 1.5 மிலி. பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இவை நிற்கும்போது கிளிக் ஒரு வரி தவறி, 6 மிலி டிராப்ஸ் என்று போனால் 600 மிகி, நாலு மடங்கு. ஆகவே ‘வழக்கமான டோஸ்’ என்று எதையும் முன்கூட்டி நிரப்பி வைக்காதீர்கள். அன்றைய எடை இல்லாமல் ஸ்கிரீன் நகரக் கூடாது. டாக்டர் மிகி போட, மிலியை சாஃப்ட்வேர் கணக்கிடட்டும்.

எச்சரிக்கைகளில் அலர்ஜி, ஒரே மருந்து இருமுறை, கர்ப்பத்தில் ஆகாதது, மருந்துகளுக்கு இடையே கடுமையான இடைவினை தவிர மற்றதை அணைத்துவிடுங்கள். எதற்கெடுத்தாலும் பெட்டி குதித்தால் கை தானாக ஓகே அமுக்கப் பழகிவிடும்.

பெரிய டாக்டர் பேப்பரிலேயே எழுதட்டும், ஸ்கேன் பண்ணி ஏற்றுங்கள். நோய், அலர்ஜி, மருந்து மூன்றை மட்டும் நர்ஸ் தட்ட, டாக்டர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பிரிஸ்கிரிப்ஷன் மருந்தகத்துக்குப் போகணும்.

முப்பதுபெட்:
ரொம்ப உபயோகம். இரண்டு சந்தேகம்: கரண்டோ நெட்டோ போனால் என்ன செய்வது? ஆபா (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இப்போதே வேண்டுமா?

சர்வர்ரூம்:
சர்வருக்கு யூபிஎஸ் எல்லோரும் போடுவார்கள். நெட்வொர்க் ஸ்விட்சையும் லேபிள் பிரிண்டரையும் மறந்துவிடுவார்கள். அவையும் யூபிஎஸ்ஸில் வரணும். நோயாளி எண்ணில் ஒரு தொகுதியை ஒதுக்கி, எண் அச்சிட்ட ஓபி சீட்டுக் கட்டைக் கவுண்டரில் வையுங்கள். சிஸ்டம் நின்றால் அதில் எழுதி, வந்த பிறகு அதே எண்ணில் ஏற்றலாம். பேக்கப் தினமும் இரவில். எடுத்த டிஸ்கைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள், செருகியே இருந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் சேர்த்துப் பூட்டும். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள்.

ஆபா: 14 இலக்கம், நோயாளி விருப்பம்தான், கட்டாயமில்லை. அதையே உங்கள் நோயாளி எண்ணாக வைக்காதீர்கள், தனிக் கட்டமாக இருக்கட்டும். மருத்துவமனையை அதே திட்டத்தின் சுகாதார வசதிப் பதிவேட்டிலும் டாக்டர்களைத் தொழில்முறைப் பதிவேட்டிலும் இப்போதே பதிந்துவிடலாம். ‘ஆபா இருக்கு சார்’ என்று கம்பெனி சொன்னால் எம்1, எம்2, எம்3 என்ற இணைப்புக் கட்டங்களில் எதுவரை என்று கேளுங்கள். எம்1 எண் உருவாக்கிச் சரிபார்ப்பது மட்டும். நோயாளி சம்மதத்தோடு பதிவை வெளியே தருவது எம்2, வெளியிலிருந்து வாங்குவது எம்3. கவுண்டரில் க்யூஆர் ஸ்கேன் வைத்தால் பெயர், வயது, செல் நம்பர் தானாக வரும், எழுத்துப் பிழையும் குறையும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: விலகும்போது முழு டேட்டாவும் திறந்த அட்டவணை வடிவிலும், கேஸ் ஷீட் பிடிஎஃப்பாகவும் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தரவும் 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. சாஃப்ட்வேர் கம்பெனி மாறியதை அங்கே காரணம் காட்ட முடியாது.