வீட்டுச் சுவருக்கு நெடியில்லாத பூச்சு: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். சென்ற முறை அடித்த நெடி பத்து நாளாகியும் போகவில்லை. மூச்சிரைப்பு தாளாமல் அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது கைக்குழந்தை வேறு இருக்கிறது.

கடைக்காரர் ‘குறைந்த வி.ஓ.சி.’ எமல்ஷனைக் காட்டுகிறார். காயும்போது ஆவியாகிற கரிமச் சேர்மங்கள் அதில் குறைவு. ஆனால் நிறத்துக்காகக் கலக்கும் சாயத்திலும் அவை இருக்கலாமே! டப்பாவில் போட்டிருக்கும் அளவு கலப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் சிரிக்கிறார்.

எனக்கென்னவோ சுண்ணாம்பின் மீதுதான் மனம் போகிறது. கடற்காற்றில் சுவர் ஓதமேறி, பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அது எளிதில் வளராது. ஈரமும் சுவருக்குள் அடைபடாது. பழைய எமல்ஷனைச் சுரண்டாமல் அடித்தால் உதிரும் என்பது தெரியும். சாய்ந்தால் புடவையில் ஒட்டும் என்கிறாள் மனைவி. அதுவும் நியாயம்தான்.

கதவு, ஜன்னலில் இருப்பது 30 ஆண்டுப் பழைய எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இதில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூசு பறக்கக் கூடாதென்று உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்க விடப்போவதில்லை, நனைத்துத்தான்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுண்ணாம்பு நீற்றி அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பாரா? கடலோர வீடுகளில் அடித்தவர்கள், எத்தனை மழைக்காலம் தாங்கியது என்று சொல்லுங்கள். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும்.