மணிவிழாப் பத்திரிகையின் கடைசி வரி

குழு: நம்ம வீடு

நான், காலை 7:40
எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மா மணிவிழாப் பத்திரிகையின் மாதிரியை மேலே போட்டிருக்கிறேன். அப்பா பிறந்த விசுவாவசு வருடம் 60 ஆண்டு கழித்துத் திரும்பியிருக்கிறது, அதையும் சேர்த்திருக்கிறேன். சடங்கு திருக்கடையூரில், விருந்து அடுத்த ஞாயிறு மதுரை மண்டபத்தில். பெயர், முறை எதுவும் தவறாக இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள். கடைசி வரி மட்டும் நானாகச் சேர்த்தது: 'அன்பளிப்புகளை அன்புடன் தவிர்க்கவும்.'

அக்கா, 7:52
அம்மா வழித் தாத்தா பெயர் விட்டுப்போயிருக்கிறது தம்பி. முதலில் அதைச் சேர்.

சித்தப்பா மகன், 8:05
நல்ல முடிவு அண்ணா. போன மாதம் நண்பர் ஒருவரின் 25ஆம் திருமண நாளுக்குப் போனேன். இரண்டு பேர் சாப்பிட்டால் இலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் கவரில் வைத்தேன். வாழ்த்தப் போனது மாதிரியே இல்லை, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

உசிலம்பட்டி மாமா, 8:31
மருமகனே, அந்தக் கடைசி வரி எனக்கும் சேர்த்துத்தானா?

நான், 8:33
ஐயோ மாமா, உங்களுக்கு இல்லை. சீர் வேறு, மொய் வேறு. மொய்யைத்தான் சொன்னேன்.

உசிலம்பட்டி மாமா, 8:47
உனக்குத் தெரிகிறது, பத்திரிகையைப் படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தங்கச்சிக்குப் பட்டும், மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டும், தாலியில் கோக்கப் பொட்டும் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். 1990இல் எங்கள் அப்பா தட்டு தூக்கி வந்தார், இப்போது நான் தூக்க வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு நான் தட்டோடு உள்ளே நுழைந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

தேனி அத்தை, 9:20
தம்பி, எனக்கு எழுத நேரமாகும், பொறுத்துப் படி. 2018இல் என் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் 10,001 எழுதினார். உங்கள் மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பணத்தில்தான் சமையல்காரருக்குப் பாக்கி கொடுத்தேன். திருப்பிச் செய்ய உன் கல்யாணத்தை எதிர்பார்த்திருந்தேன். அது 2020இல் கொரோனாவோடு வந்தது. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள், என்னால் வரவே முடியவில்லை. அப்புறம் உங்கள் வீட்டில் விசேஷமே இல்லை. செய்முறை நோட்டில் அந்த வரி மட்டும் இன்னும் அடிக்காமல் இருக்கிறது. இப்போதும் தவிர்க்கவும் என்று போட்டால் நான் எப்போது செய்வது?

நான், 9:24
அத்தை, யாருக்கும் சுமை வேண்டாம் என்று நினைத்துத்தான் போட்டேன். இப்படி யோசிக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

சித்தப்பா, 10:02
நான் பேராவூரணியில் வேலை பார்த்தபோது ஆடி மாதம் மொய் விருந்துக்குப் போயிருக்கிறேன். அங்கே அது வட்டியில்லாத கடன் மாதிரி. வாங்கினவர் திருப்பும்போது அதோடு கொஞ்சம் கூட்டி எழுதுவார், கூட்டின பணம் புதுக் கணக்காகிவிடும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. அதனால் மொய்யே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மணிவிழாவுக்கு வருகிற சின்னஞ்சிறுசுகள் காலில் விழுந்து அட்சதை வாங்கிக்கொள்ள வருகிறார்கள். அவர்கள் கையில் அண்ணனும் அண்ணியும்தான் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் கவர் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அத்தான், 10:40
ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வருகிற பரிசுக்கு வருமான வரி இல்லை. மணிவிழாவும் திருமண நாளும் அந்தச் சலுகையில் வராது. கூடப்பிறந்தவர்கள், மனைவியின் கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் வரி கிடையாது. நண்பர்களும் தெருக்காரர்களும் கொடுப்பது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் மணிவிழா காணும் மாமாவின் வருமானத்தில் சேரும். மொய் எழுத மேசை போட்டால் இதையும் பார்க்க வேண்டும்.

அப்பா, 12:15
எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் கல்யாண மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 11, 21, 51 என்றுதான் இருக்கிறது. 51 எழுதின ஒருவர் அன்றைக்குக் கூலி வேலை பார்த்தார், அவருக்கு அது ரொம்பப் பெரிய பணம். அவர் மகன் கல்யாணத்துக்கு நான் 1,001 எழுதினேன். அதே 51ஐ எழுதக் கை வருமா?
மண்டபத்தில் மொய் மேசை வேண்டாம். மைக்கில் பெயர், தொகை சொல்வது கூடவே கூடாது, குறைவாகக் கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பத்திரிகையிலும் அந்த வரி வேண்டாம், எடுத்துவிடு. வெளியாட்கள் கேட்டால் ஒன்றும் வேண்டாம், சாப்பிட வாருங்கள் என்று நேரில் சொல்வோம்.
மச்சான், உங்கள் தட்டு வராமல் உங்கள் தங்கச்சி மணையில் உட்கார மாட்டாள்.
தங்கச்சி, நீ கொண்டு வா. மண்டபத்துக்கு வேண்டாம், திருக்கடையூரில் சாமி முன்னால் என் கையில் கொடு.

தேனி அத்தை, 12:21
சரிண்ணே. மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வருகிறேன். ஊருக்குத் திரும்பியதும் நோட்டில் அடித்துவிடுவேன்.

சித்தப்பா மகன், 12:30
பெரியப்பா, நாங்கள் சின்னவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது வாங்கித் தரலாமா?

அக்கா, 12:34
அம்மாவுக்கு முழங்கால் வலி. திருக்கடையூர் போய்வரக் கால் நீட்டி உட்காருகிற மாதிரி நல்ல வண்டியாகப் பேசுங்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

நான், 12:50
திருத்தின பத்திரிகை மேலே இருக்கிறது. தாத்தா பெயர் சேர்த்தாயிற்று, கடைசி வரி எடுத்தாயிற்று. மாமா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி மாமா, 1:10
சரியாக இருக்கிறது மருமகனே. பட்டு எடுக்க வெள்ளிக்கிழமை போகிறோம். அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்.