வெள்ளிக் கூழ்மத்தில் டிஎன்ஏ உச்சம் வரவில்லை – அவசர உதவி தேவை

நாவல்மரம் (செவ்வாய், இரவு 11.40)
வணக்கம். மூன்று வாரமாகச் செர்ஸ் முறையில், அதாவது உலோகத் துகளில் ஒட்டிய மூலக்கூறின் ராமன் சமிக்ஞை பல மடங்கு பெருகுவதை வைத்து, டிஎன்ஏவைக் கண்டறியப் போராடுகிறேன். லேசர் ஒளி சிதறுவதை வைத்து எடுக்கும் ராமன் நிறமாலையில் 735 செ.மீ⁻¹ இடத்தில் வரவேண்டிய உச்சம் வரவே இல்லை. கட்டுரைகளில் பனைமரம் போல நிற்கிறது, எனக்கு வெறும் மேடுபள்ளம். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வியாழக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

ஈயச்சொம்பு (11.58)
எந்த உலோகம்? எந்த லேசர்? டிஎன்ஏவின் எழுத்துத் தொடர் என்ன, எதில் கரைத்தீர்கள்? "எல்லாம் சரியாக" என்பதை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்?

பாதரசம் (12.05)
சந்தேகமே வேண்டாம், லேசர்தான். 532 நானோமீட்டரைத் தங்கத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தால் விடியும்வரை ஒன்றும் வராது. அந்தப் பச்சை ஒளியைத் தங்கமே விழுங்கிவிடும். 785க்கு மாறுங்கள்.

கரிக்கட்டை (12.11)
தலைப்பிலேயே வெள்ளி என்று இருக்கிறது. இருவரும் படிக்கவில்லையா?

நாவல்மரம் (புதன், காலை 7.20)
வெள்ளிதான். வெள்ளி நைட்ரேட்டைச் சிட்ரேட்டோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தது. லேசர் 532. டிஎன்ஏவையும் உப்பையும் சேர்த்து, அலுமினியத் தாளில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு எடுக்கிறேன். 1350, 1580 அருகில் இரண்டு அகன்ற மேடுகள் வருகின்றன. அவை டிஎன்ஏவாக இருக்குமா?

கரிக்கட்டை (7.41)
கரி. சொட்டைப் பொசுக்கியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மேடும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அதுதான். லேசர் எத்தனை மில்லிவாட்?

நாவல்மரம் (7.44)
50. சமிக்ஞை வரவில்லையே என்று கூட்டினேன்.

கரிக்கட்டை (7.46)
ஐம்பதா! 50 மடங்கு வில்லை வழியாகவா? ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே இறக்குங்கள். விளிம்பு வளையத்தைவிட்டு வேறு இடங்களிலும் எடுத்துப் பாருங்கள். காய்ந்த சொட்டில் துகள்கள் எல்லாம் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும், காப்பிக் கறை மாதிரி.

மூத்தகுடி (9.02)
தம்பி, அடிப்படையைப் படிக்காமல் கருவியின் முன்னால் உட்கார்ந்தால் இப்படித்தான். சிட்ரேட் போர்த்திய வெள்ளித் துகளுக்கு எதிர்மின்சுமை. டிஎன்ஏவின் பாஸ்பேட் முதுகெலும்புக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உலோகத்திலிருந்து சில நானோமீட்டர் விலகினாலே பெருக்கம் சரிந்துவிடும் என்பது தெரியுமா? உப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த உப்பு? சோடியம் குளோரைடாக இருந்தால், துகள்கள் திரளும், ஆனால் குளோரைடு முந்திக்கொண்டு வெள்ளியின் மேல் குடியேறிவிடும். மெக்னீசியம் சல்பேட் போடுங்கள். பெல்ஃபாஸ்டில் 2006இலேயே டிஎன்ஏவின் அலகுகளான நியூக்ளியோடைடுகளுக்கு இதைச் செய்து காட்டிவிட்டார்கள். துகளுக்கு ஸ்பெர்மைன் பூசி நேர்மின்சுமை கொடுப்பதும் ஒரு வழி.

1974இல் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன் குழு வெள்ளி மின்வாயில் பிரிடின் என்ற சேர்மத்தின் பெரிய ராமன் சமிக்ஞையைப் பார்த்துவிட்டு, பரப்பு கூடியதால் வந்தது என்றே நினைத்தது. அது போதாது என்று 1977இல்தான் தெரிந்தது. அவர்களே தடுமாறிய இடம் இது, நீங்கள் மூன்று வாரத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

பாதரசம் (9.30)
இத்தனை பாடு எதற்கு? சாயம் ஒட்டிய டிஎன்ஏவை வாங்குங்கள். 2002இல் மிர்க்கின் குழு ஆறு சாயங்களை வைத்து 20 ஃபெம்டோமோலார் என்ற மிகச் சிறிய செறிவுவரை பிரித்துக் காட்டியது.

மூத்தகுடி (9.37)
அது சாயத்தைக் கண்டறிவது. மாட்டு மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மாட்டைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது.

பாதரசம் (9.45)
மணியை எந்த மாட்டுக்குக் கட்டினோம் என்பது கட்டியவனுக்குத் தெரியும். டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான அடினைனின் உச்சம் என்று நீங்கள் காட்டுவது மாட்டிலும் இருக்கும், ஆட்டிலும் இருக்கும், மாட்டுக்காரனிலும் இருக்கும். நோய்க்கிருமியை அதை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்?

மூத்தகுடி (9.52)
மணி கழன்று விழுந்தால்? சாயம் இழையை விட்டுவிட்டுத் தானாக வெள்ளியில் ஒட்டினால்? கட்டுப்பாட்டுச் சோதனையில் அப்படி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாதரசம் (9.55)
பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில்.

ஈயச்சொம்பு (10.20)
மாடுகளைத் தொழுவத்தில் கட்டிவிட்டு வாருங்கள். நாவல்மரம், நேற்று கேட்டதையே மறுபடி கேட்கிறேன்: தொடர் என்ன? ஒற்றை இழையா, இரட்டை இழையா? இரட்டை என்றால் அடினைன், தைமின் போன்ற காரங்கள் உள்ளே மறைந்திருக்கும். 95 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து உடனே பனிக்கட்டியில் போட வேண்டும்.

நாவல்மரம் (மதியம் 1.15)
ஒற்றை இழை. பக்கத்து ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருந்ததை வாங்கிவந்தேன், குழாயின் மேல் "டி 20" என்று எழுதியிருக்கிறது. 10 மைக்ரோமோலார், டிரிஸ்-ஈடிடிஏ தாங்கல் கரைசலில். உப்பு சோடியம் குளோரைடுதான். மூத்தகுடி ஐயா, நான் தம்பி அல்ல, தங்கை.

ஈயச்சொம்பு (1.22)
டி 20 என்றால் இருபதும் தைமின். நீங்கள் தேடும் 735 அடினைனுடைய வளையம் விரிந்து சுருங்குவதால் வருவது. வீட்டிலேயே இல்லாத ஆளை மூன்று வாரமாக வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறீர்கள். தைமின் உச்சம் 790 அருகில் வரும், அதுவும் மெலிந்துதான். செர்ஸில் குரல் பெரியது அடினைனுக்கே. இருபது அடினைன் உள்ள இழை கிடைக்குமா பாருங்கள். டிரிஸும் ஈடிடிஏவும் வேண்டாம், அவையும் வெள்ளியில் இடம் பிடிக்கும். வெறும் நீரில் கரையுங்கள்.

கரிக்கட்டை (1.25)
குழாயைப் படிக்காததற்கு நானும் ஒரு முறை மாதக்கணக்கில் விலை கொடுத்திருக்கிறேன். வருந்தாதீர்கள்.

நாவல்மரம் (வியாழன், காலை 6.10)
அடினைன் இழை கிடைத்தது. நீரில் கரைத்தேன், மெக்னீசியம் சல்பேட், லேசர் ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே. 733இல் நிற்கிறது! அனைவருக்கும் நன்றி, ஓடுகிறேன்.

மூத்தகுடி (8.30)
உப்பை மாற்றச் சொன்னது நான் என்பது பதிவில் இருக்கட்டும். வாழ்த்துகள், தங்கையே.

ஈயச்சொம்பு (8.48)
இழை, கரைசல், உப்பு, லேசர் என்று நான்கையும் ஒரே இரவில் மாற்றியிருக்கிறார். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? நாவல்மரம், பழைய டி 20ஐ இதே முறையில் எடுத்தீர்களா? டிஎன்ஏ சேர்க்காத வெற்றுச் சொட்டு?

ஈயச்சொம்பு (ஞாயிறு, மாலை 5.05)
வெற்றுச் சொட்டு?