படிக்கத் தெரியாத ஸ்கிரிப்டை ஓட்டலாமா?

கோடும்புள்ளியும்
120 ஆர்ட்போர்டு (வரையும் பக்கம்) உள்ள ஒரு இல்லஸ்ட்ரேட்டர் (அடோபியின் வரைகலை மென்பொருள்) கோப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றித் தனித்தனி பிடிஎஃப் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். போன வாரம் எனக்கு வேண்டியதை அப்படியே தமிழில் எழுதி ஏஐயிடம் கொடுத்தேன், அதைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதித் தந்தது. முதல் தடவை ஓடவில்லை, ஏனென்றால் அடோபியின் ஸ்கிரிப்ட் மொழியான எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் 1999இல் வந்த இஎஸ்3 என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பை ஒட்டியது, ஏஐயோ லெட், அம்புக்குறி ஃபங்ஷன் என்று இன்றைய பாணியில் எழுதியிருந்தது. "இஎஸ்3க்குள் எழுது" என்று ஒரு வரி சேர்த்ததும் ஓடிவிட்டது. இனி சின்ன வேலைக்கெல்லாம் நிரலாளர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று காத்திருக்க வேண்டாம். எல்லா டிசைனரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

பழையகை
செய்து பார்க்கலாம், அச்சுக்குப் போகும் கோப்பில் மட்டும் வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே பின்னணியை நீட்டிவிடும் பகுதி) சேர்க்க இப்படித்தான் ஒரு ஸ்கிரிப்ட் வாங்கினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, திரையில் பின்னணி கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது, சரி என்று அனுப்பிவிட்டேன். வெட்டி வந்த தாளில் ஒரு பக்கம் முழுக்க நூல் போல வெள்ளைக் கோடு. இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்டில் அளவெல்லாம் பாயின்ட் என்ற அச்சு அலகுக் கணக்கு. 3 என்று எழுதினால் 3 பாயின்ட், அதாவது சுமார் 1 மில்லிமீட்டர்தான். 2.834645ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்திருந்தால் அனுப்பும் முன்பே பிடித்திருப்பேன்.

கோடும்புள்ளியும்
உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் கையால் செய்யும்போதும் அளவு தப்பத்தானே செய்கிறது? நகல் கோப்பில் ஓட்டி, இரண்டு இடத்தில் அளந்து பார்த்தால் போதுமே.

மூன்றாம்பரிமாணம்
ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் ஆள் நான். 2019இல் அதன் 2.80 பதிப்பு வந்தபோது பைத்தான் ஏபிஐயில், அதாவது ஸ்கிரிப்டில் எழுதும் கட்டளைகளில், நிறைய மாறியது, ஏஐ இன்னமும் சில நேரம் பழைய பெயர்களைக் கலந்து எழுதுகிறது. ஆனால் அது உடனே பிழை காட்டி நின்றுவிடுவதால் எனக்குப் பயமில்லை. சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து, அந்த வகையில் பழையகை சொல்வது சரி.

பழையகை
அதேதான். நகலில் ஓட்டினாலும் எதை அளக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. இன்னொன்று கேளுங்கள்: காலியான டெக்ஸ்ட் ஃபிரேம்களை (எழுத்துப் பெட்டிகளை) அழிக்கச் சொன்னால் ஏஐ சில நேரம் முதலிலிருந்து எண்ணி அழிக்கிறது. முதலாவதை அழித்தவுடன் இரண்டாவது அந்த இடத்துக்கு வந்துவிடும், எண் அடுத்ததற்குத் தாவிவிடும். அடுத்தடுத்துக் காலியாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று தங்கிவிடும். கடைசியிலிருந்து எண்ண வேண்டும். காலி ஃபிரேம் கண்ணுக்கே தெரியாது, எங்கே வைத்து அளப்பீர்கள்?

கோடும்புள்ளியும்
இது எனக்குத் தெரியாது. என் ஸ்கிரிப்டிலும் பழைய லேயர்களை அழிக்கும் ஒரு பகுதி இருக்கிறது, இப்போதுதான் திறந்து பார்த்தேன், பூஜ்யத்திலிருந்து, அதாவது முதலிலிருந்துதான் எண்ணுகிறது. அதற்காக ஏஐயை விடமாட்டேன், முழு நிரலாக்கம் கற்கவும் எனக்கு நேரமில்லை. கடைசியிலிருந்து அழிக்கவும், எத்தனை இருந்தது, எத்தனை அழிந்தது என்று முடிவில் எண்ணிக் காட்டவும் அதனிடம் சொல்லப் போகிறேன்.

பழையகை
நல்லது. அழிக்கும் பகுதியை மட்டும் இங்கே ஒட்டுங்கள், ஓட்டும் முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.